நான்கு விரல் இடைவெளி

முப்பத்தோரு வருடம் முத்தம் வெட்டிப் பிழைத்தவன் நான். இதைச் சொன்னால் புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் மனைவி ஃப்ளோரியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் "ஆமா, நெசந்தான்" என்று தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

வளைகுடாவில் ஒரு தொலைக்காட்சி நிலையம். பெயர் வேண்டாம். அங்கே ஃபிலிம் பிரிவில் வெட்டி ஒட்டுகிறவனாகச் சேர்ந்தேன். ஃபிலிம் போய் டேப் வந்தது, டேப் போய் கம்ப்யூட்டர் வந்தது, கடைசியில் நானும் போனேன். இப்போது அல் ஐனில் மகள் ரீனா வீட்டில் விசிட் விசாவில் உட்கார்ந்து, ஏசி காற்றில் முழங்கால் வலிக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் எங்கள் பழைய பிரிவின் வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி செய்தி போட்டிருந்தான். புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். படத்தை உள்ளே விட்டால் முத்தம், மது, கட்டிப்பிடிப்பு எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துச் சிவப்புக் கட்டம் போட்டுவிடுமாம். ஒரு படத்துக்கு நாலு நிமிடம். "அண்ணே, இதுக்கா நீங்க ரெண்டு நாள் எடுத்துக்கிட்டீங்க? அப்படி என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்று போட்டிருந்தான். தம்பி, என்ன பண்ணினோம் என்று சொல்கிறேன். வாட்ஸப்பில் எழுதினால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய் என்பதால் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

என் படிப்பை இரண்டு வரியில் முடித்துவிடலாம். நாகர்கோவிலில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டருக்கு எடுபிடியாக இருந்து, அறுந்த ஃபிலிமை ஒட்டப் பழகினேன். ஏஜென்ட் "டிவி வேலை" என்றார். நான் டிவி ரிப்பேர் என்று நினைத்து ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டோடு விமானம் ஏறினேன். அந்தச் செட் இன்றுவரை உறை பிரிக்காமல் இருக்கிறது.

எங்கள் பிரிவின் தலைவர் சிவபாதம் சார். யாழ்ப்பாணத்துக்காரர். வெயில் நாற்பத்தெட்டு டிகிரி அடித்தாலும் முழுக்கை வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், பையில் ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா. சத்தமாக ஒரு வார்த்தை பேச மாட்டார். திட்டவும் மாட்டார். ஆனால் ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்குள் நமக்குத் திட்டு வாங்கியதே தேவலை என்று ஆகிவிடும்.

முதல் நாள் என்னை எடிட்டிங் மேஜை முன்னால் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். மேஜையில் புத்தக அளவுக்கு ஒரு சின்னத் திரை. அதில் ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் நெருங்கி வந்துகொண்டிருந்தார்கள். சார் கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஓர் இடத்தில் நிறுத்தி, தன் நான்கு விரல்களைச் சேர்த்து அந்த இரண்டு மூக்குகளுக்கும் நடுவில் திரையில் வைத்தார்.

"நாலு விரல் உள்ளுக்கை போகுதெண்டால் விடலாம். போகாட்டி வெட்டும். விளங்குதோ, வின்சென்ட்?"

விளங்கியது. மதியமே ஒரு சந்தேகமும் வந்தது. தூரத்துக் காட்சிகளில் ஆட்கள் தீக்குச்சி அளவுதான் இருப்பார்கள். ஒருவன் வாசலிலும் ஒருத்தி மாடியிலும் நின்றால்கூட நடுவில் நாலு விரல் போகாது. கேட்டேன். சார் ஒரு தேநீர் முழுவதும் யோசித்துவிட்டு, தூரக் காட்சிக்கு ஒரு விரல் என்று விதியைத் திருத்தி, நீலப் பேனாவால் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மதுவுக்குத் தனி விதி. பாட்டில் தெரியலாம், கோப்பையில் ஊற்றலாம், கோப்பையைத் தூக்கலாம். உதட்டில் பட்டால் வெட்டு. இதனால் அந்த நாட்டில் ஒளிபரப்பான படங்களில் கதாநாயகர்கள் ஊற்றினார்கள், ஊற்றினார்கள், ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் குடிக்கவில்லை. ஆனால் அடுத்த காட்சியில் தள்ளாடினார்கள். அமெரிக்காவில் ஆண்களுக்கு ஏதோ வாத நோய் பரவலாக இருக்கிறது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு.

வெட்டுவதில் பெரிய வித்தை இல்லை. வெட்டியதை வைத்திருப்பதில்தான் இருந்தது. படப் பிரதிகள் எங்களுக்குச் சொந்தமல்ல. சைப்ரஸில் ஒரு கம்பெனி வாடகைக்கு அனுப்பும். ஒளிபரப்பு முடிந்ததும் பெட்டி திரும்பிப் போய், அங்கிருந்து வேறு ஊருக்குப் போகும். அந்த ஊர்க்காரர்களுக்கு முத்தம் வேண்டியிருக்கலாம். ஆகவே வெட்டின ஒவ்வொரு துண்டையும், ஒளிபரப்பு முடிந்த பிறகு, எடுத்த இடத்திலேயே திரும்ப ஒட்டி அனுப்ப வேண்டும். துண்டின் தலையில் காகித டேப் ஒட்டி, எந்தப் படம், எந்த இடம் என்று எழுதி, சுவரில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளில் மாட்டிவிடுவோம். சில நாள் அந்தச் சுவரில் நாற்பது முத்தம் தொங்கும், எங்கள் ஊர்க் கடற்கரையில் சாளை மீன் காயப்போட்ட மாதிரி. மற்றவர்கள் முத்தம் இல்லாத படங்களைப் பார்த்தார்கள். நான் படம் இல்லாத முத்தங்களைப் பார்த்தேன்.

பிழை நடந்தால் ஒரு படிவம் உண்டு. மூன்று கட்டம்: பிழை, காரணம், பரிகாரம். இரண்டாவது கட்டத்தில்தான் சார் உயிரை எடுப்பார். எனக்கு முன்னால் இருந்த ஒரு மலையாளி, காரணம் என்ற இடத்தில் "கவனக்குறைவு" என்று எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தாராம். சார் படிவத்தைத் திருப்பி நீட்டி, "கவனம் ஏன் குறைஞ்சது? அதையெல்லோ எழுத வேணும்" என்றாராம். அந்த மனிதர் நான்கு நாள் யோசித்து, கடைசியில் தனக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது என்று கண்டுபிடித்தார். பரிகாரம் என்ற கட்டத்தில் சார் "கண்ணாடி" என்று எழுதி, நிலையத்தின் செலவில் வாங்கியும் கொடுத்தார்.

நாங்கள் வெட்டியதிலேயே அதிகம் வெட்டு வாங்கியது ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொடர். கருப்பு வெள்ளை. ஆறு படங்கள். ஆறிலும் அதே நடிகன், அதே நடிகை, அதே வரவேற்பறை, அதே சோபா. புருஷனும் பெண்டாட்டியும் சின்ன விஷயத்துக்குச் சண்டை போடுவார்கள். தட்டு பறக்கும், தொப்பி பறக்கும், யாரோ மீன்தொட்டியில் விழுவார்கள். அந்த அம்மாள் ஒரு வாத்து வளர்ப்பாள். அது எல்லாக் காட்சியிலும் நடுவில் புகுந்து நடக்கும். கடைசியில் வாசலில் நின்று உச்சக்கட்டச் சண்டை போட்டு, சட்டென்று முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். முற்றும். பிரிவில் நாங்கள் வாத்துப் படம் என்று சொல்வோம். கதை ஒன்றுதான், அவனுடைய கோட்டைப் பார்த்துத்தான் எத்தனையாவது படம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அவர்கள் படத்தில் கணவன் மனைவிதானே, விட்டுவிடலாமே என்று ஒருமுறை சாரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அவையள் படத்திலைதான் கலியாணம் கட்டினவை. வெளியிலை கட்டேல்லை. வெட்டும்."

நாங்கள் வெட்டி முடித்ததும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அபு காலித். அந்த நாட்டுக்காரர், வயதானவர், பம்பாயோடு வியாபாரம் செய்த குடும்பம், ஆகவே இந்தி நன்றாகப் பேசுவார். அவருக்கு அந்த வாத்தின் மேல் உயிர். "அதை வெட்டினாயா?" என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்பார். வாத்தின் மேல் விதி எதுவும் இல்லை என்று நான் சத்தியம் செய்ய வேண்டும்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அதில் ஃப்ளோரியும் நானும் சேர்ந்து இருந்தது முதல் நாற்பத்தொன்பது நாள். குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கப் பிரிவுத் தலைவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். சாரிடம் கேட்டேன். "இந்த வருசம் உம்முடைய பேரிலை ஒரு பிழைப் படிவமும் இல்லை. ஈத் படம் போகட்டும். பிழையில்லாமல் போனால் அடுத்த நாள் கையெழுத்து வைக்கிறன்" என்றார். சார் சொன்னால் சொன்னதுதான். பிழை வந்தால் கையெழுத்து இல்லை என்பதும் சொன்னதுதான், அதில்தான் எனக்குப் பயம்.

ஈத் படமாக வந்தது வாத்துத் தொடரின் நான்காவது படம். போட்டுப் பார்த்தோம். பத்தாவது நிமிடத்தில் எங்கள் தலையில் இடி. ஒரு நீதிபதி தவறான காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, அந்த இருவருக்கும் விவாகரத்து கொடுத்துவிடுகிறார். அது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் மீதிப் படம் முழுவதும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள். அதுதான் நகைச்சுவையே. சார் சக்கரத்தை நிறுத்தினார்.

"இனி இவையள் புருசன் பெண்சாதி இல்லை."

"சார், அது அவங்களுக்கே தெரியாது சார்."

"அவையளுக்குத் தெரியாட்டி என்ன, எனக்குத் தெரியுமெல்லோ. வெட்டும்."

வெட்டினேன். ஒரே அறையில் இருந்தால் வெட்டு. ஒரே சோபாவில் இருந்தால் வெட்டு. நீதிபதி கையெழுத்துப் போடும்போது விஸ்கி குடித்துக்கொண்டிருந்ததால் அதையும் வெட்டினேன். எழுபத்து நாலு நிமிடப் படம் ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. பத்திரிகையில் எழுபது நிமிடம் என்று விளம்பரம் வந்துவிட்டது. பதினெட்டு நிமிடத்துக்கு எங்கே போவது?

சார் இரண்டு தேநீர் குடித்தார். பிறகு, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்: "மூண்டாம் படத்துப் பெட்டி இன்னும் சைப்ரஸுக்குப் போகேல்லைத்தானே?"

போகவில்லை. மூன்றாம் படத்தில் யோக்கியமான காட்சிகள் நிறைய இருந்தன: தட்டு பறப்பது, மாமியார் வருவது, வாத்து படி ஏறுவது. அவற்றை எடுத்து நான்காவதில் செருகினோம். அதே வீடு, அதே முகங்கள். நான்காவதில் கருப்புக் கோட்டு, மூன்றாவதில் கட்டம் போட்ட கோட்டு. அதைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டு படத்தையும் எழுதியவர்களே கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

குழப்பம் வராமல் இருக்க சார் ஆணிகளைப் பிரித்தார். இடது பக்க ஆணிகளில் நல்லவை, செருக வேண்டியவை. வலது பக்க ஆணிகளில் கெட்டவை, இரண்டு படத்து முத்தங்களும். "கை இடப்பக்கந்தான் போக வேணும்" என்று இரண்டு தரம் சொன்னார்.

ஒளிபரப்புக்கு முந்தின நாள் அபு காலித் பார்த்தார். வாசல் சண்டையோடு படம் டப்பென்று நின்றது. கடைசி முத்தம் வலது ஆணியில் அல்லவா தொங்குகிறது.

"முடிவில் வாத்து வேண்டும்" என்றார். "ஈத் பண்டிகை. சண்டையோடு முடிக்காதே. வாத்து நடந்து போகட்டும், பிறகு முற்றும். அச்சா?" சொல்லிவிட்டுக் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் மதியம். மூன்றாம் படத்தின் கடைசியில் வாத்து சோபாவில் ஏறி உட்கார்கிற துண்டு இடது ஆணியில் இருந்தது. அதை எடுத்து, வாசல் சண்டைக்குப் பிறகு ஒட்டி, சுருளை ஒளிபரப்பு அறையில் கொடுத்தால் என் வேலை முடிந்தது. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் தபால் வந்தது.

ஃப்ளோரியின் கடிதம். வழக்கமாக நான்கு பக்கம் எழுதுவாள். அன்று அரைப் பக்கம். "நீங்க அங்க வெள்ளக்காரங்க முத்தத்த எண்ணிக்கிட்டு இருங்க. நான் இங்க காலண்டர் தாள எண்ணிக்கிட்டு இருக்கேன். இந்த வருசமும் நடக்கலன்னா சொல்லிருங்க. இனி கேக்க மாட்டேன்."

அவள் திட்டியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திட்டு வாங்கிப் பழக்கம். "இனி கேக்க மாட்டேன்" என்ற வரிதான் என்னைக் கலக்கிவிட்டது. கடிதத்தை இடது கையில் பிடித்துப் படித்துக்கொண்டே வலது கையால் ஆணியிலிருந்து துண்டை எடுத்தேன். ஒட்டினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று மாலை மானிட்டர் முன்னால் சாரும் நானும் உட்கார்ந்திருந்தோம். படம் ஜோராகப் போனது. வாசல் சண்டை வந்தது. கருப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவன் கத்துகிறான், அவள் கத்துகிறாள். இப்போது வாத்து வர வேண்டும். வந்தது கட்டம் போட்ட கோட்டு. மூன்றாம் படத்து முத்தம். நெருக்கத்தில் எடுத்தது, நடுவில் நாலு விரல் என்ன, ஒரு காகிதம்கூடப் போகாது. இரண்டரை வினாடி. முற்றும்.

நாட்டில் பாதி வீடுகளில் அந்த நேரம் டிவி ஓடிக்கொண்டிருந்திருக்கும். சார் கையில் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. "யெஸ் சேர், யெஸ் சேர்" என்று மூன்று தடவை சொல்லி வைத்தார்.

"அபு காலித். நாளைக்குக் காலமை பத்து மணிக்கு வரட்டாம். அந்தத் துண்டோடை."

காலையில் எட்டு மணிக்கே சார் படிவத்தை என் முன்னால் வைத்தார். பிழை என்ற கட்டத்தில் "இரண்டரை வினாடி முத்தம்" என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "ஆணி மாறிவிட்டது" என்றேன்.

"ஆணி நடந்து போய் மாறினதோ?"

அடித்துவிட்டு "கவனக்குறைவு" என்று எழுதினேன். அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் தொடவில்லை.

"மற்றவையின்ரை கடிதம் நான் வாசிக்கிறேல்லை. நீர் வாசியும்."

வாசித்தேன். அரைப் பக்கம்தானே. சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை வருசம்?"

"மூணு சார்."

"எனக்கு ஆறு."

அவருக்கு மனைவி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். சண்டைக் காலம், பாதை திறந்திருந்தால் கடிதம் வரும், மூடியிருந்தால் வராது. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, சிவப்புப் பேனாவை எடுத்து, நான் எழுதிய காரணத்தை அடித்துவிட்டு, மீதி இரண்டு கட்டங்களையும் ஆங்கிலத்தில் அவரே நிரப்பினார். காரணம்: பணியாளர் மூன்று வருடமாக மனைவியைப் பிரிந்து இருக்கிறார். பரிகாரம்: குடும்ப விசா.

"சார், பிழை இல்லைன்னாத்தானே கையெழுத்துன்னு சொன்னீங்க?"

"அது சிபாரிசுக் கடிதம். அதிலை நான் கையெழுத்து வைக்கேல்லை. இது பிழைப் படிவம். பரிகாரம் எழுதாமல் விடேலாது" என்றார்.

பத்து மணிக்கு அபு காலித் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினோம். சரியாகத் தெரியவில்லை, இன்னொரு முறை என்றார். மூன்றாம் முறையும் பார்த்தார், உறுதி செய்துகொள்ள வேண்டுமல்லவா. பிறகு என்னைப் பார்த்தார்.

"என் மனைவி உம் காலித் மூன்று படமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இவர்கள் ஏன் இப்படிச் சண்டையிலேயே பிரிகிறார்கள்? நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவைக்க அவர்கள் ஊரில் பெரியவர்களே கிடையாதா? எனக்குப் பதில் தெரியவில்லை. நேற்று அவள் கேட்கவில்லை. எழுந்து போய் எல்லோருக்கும் இனிப்பு எடுத்துக்கொண்டு வந்தாள்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி முத்தத்தை ஒவ்வொரு படத்திலும் நான் ஒழுங்காக வெட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே அந்த ஊர் மக்கள் பார்த்த எல்லாப் படங்களிலும் அந்த இருவரும் வாசலில் கத்திக்கொண்டே பிரிந்துபோனார்கள். உலகமே சிரித்த தொடரை நான் சோகப்படம் ஆக்கி வைத்திருக்கிறேன்.

அபு காலித் படிவத்தைப் படித்தார். இரண்டாம் கட்டத்தில் அவர் விரல் நின்றது. "சச் ஹை?" என்று கேட்டார். உண்மையா என்று. தலையாட்டினேன். பேனாவை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டார்.

"அவர்கள் சண்டை கலாஸ், முடிந்தது. உன் சண்டையும் கலாஸ். ஆனால் இன்னொரு முறை இப்படி நடந்தால், அவள் வருகிற விமானத்திலேயே நீ திரும்பிப் போவாய். யல்லா, கிளம்பு."

விசா வர ஐந்து வாரம் ஆனது. ஃப்ளோரி இறங்கிய நாளும் சைப்ரஸ் பெட்டிகள் கிளம்புகிற நாளும் ஒன்றாக வந்து தொலைந்தன. ஒன்பது மணிக்குப் பெட்டி, பதினொன்றுக்கு அவள். இரண்டு படத்துத் துண்டுகளையும் பிரித்து, அதனதன் இடத்தில் ஒட்டி, மூடி, முத்திரை வைத்து அனுப்பிவிட்டு, டாக்ஸி பிடித்து ஓடினேன்.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். நானும் நின்றேன். நடுவில் ஒரு டிராலி. சுற்றிலும் கூட்டம். எனக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"மூணு வருசம் கழிச்சு பாக்கேன். இப்பிடியா நிப்பீங்க, கரண்டு கம்பம் மாதிரி?"

"இங்க அப்படித்தான். நாலு விரல் தள்ளி நிக்கணும்."

"யாரு சொன்னா?"

"எங்க சார்."

"அவர நான் ஒரு நாள் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, டிராலியை என் பக்கம் தள்ளிவிட்டு நடந்தாள். பிறகு பார்த்தாள். சார் எங்கள் ஃப்ளாட்டுக்குச் சாப்பிட வந்தார், மீன் குழம்பை இரண்டாம் தரம் வாங்கினார், நாலு விரல் பற்றி அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வலது பக்க ஆணியில் ஒரு துண்டு தொங்குகிறது. "நான்கு – கடைசி." நான்காம் படத்தின் சொந்த முத்தம், கருப்புக் கோட்டு. அன்றைய அவசரத்தில் அதை ஒட்டவே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாம் படத்துக் கட்டக் கோட்டு முத்தம் அப்படியே இருக்க, பெட்டி கடல் தாண்டிப் போய்விட்டது. மூன்றாம் படம் முத்தமே இல்லாமல் போயிருக்கிறது.

நானே படிவத்தை எடுத்துப் பிழையை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், இந்த முறை யோசிக்காமல், "மனைவி வந்துவிட்டாள்" என்று எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். சார் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். பரிகாரம் என்ற கட்டத்தின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு கோடு இழுத்து மூடிவிட்டார்.

"இதுக்குப் பரிகாரம் இல்லைத் தம்பி."

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அந்தத் துண்டை ஓர் உறையில் போட்டு, முறைப்படி பெயர் எழுதி, தன் மேஜையில் வைத்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்துப் பாதை திறந்திருந்த ஒரு மாதத்தில் ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை. மனைவியோடு இருக்கிறேன் என்று ஒரு கார்டு எழுதினார். போவதற்கு முன்னால் உறையை என் கையில் கொடுத்திருந்தார்.

அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நேற்று மாலை ரீனா டிவியில் ஏதோ தேடிக்கொண்டிருந்தவள், "அப்பா, உங்க டக் மூவி இருக்கு" என்று போட்டாள். நான்காவது படம். முதலில் ஓர் அறிவிப்பு வந்தது: மூலப்பிரதி அழிந்துவிட்டது, சைப்ரஸில் ஒரு கிடங்கில் கிடைத்த பிரதியிலிருந்து மீட்டது. வாசல் சண்டை வந்தது. கருப்புக் கோட்டு கத்துகிறது. சட்டென்று கட்டக் கோட்டு. இரண்டரை வினாடி. முற்றும்.

ரீனா தன் ஃபோனில் தேடிப் படித்துக் காட்டினாள். இந்தக் கோட்டு மாறுவதைப் பற்றி உலகம் முழுவதும் ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோபம் என்கிற ஆடையைக் கழற்றி அன்பு என்கிற ஆடையை அணிவதை இயக்குநர் சூசகமாகச் சொல்கிறார் என்று ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். பேராசிரியரே, அது இயக்குநர் இல்லை. நாகர்கோவில் பக்கத்து வின்சென்ட்.

நான் எழுந்து போய் என் பெட்டியிலிருந்து உறையை எடுத்து வந்தேன். ஃப்ளோரி துண்டை வாங்கி டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள்.

"இதுக்கா அம்புட்டு பாடும்? மூக்கு இடிக்குல்லா."

ரீனா குதிக்கத் தொடங்கிவிட்டாள். "அப்பா, யூ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட், இதுதான் ஒரிஜினல் எண்டிங்! வேர்ல்டுல இது ஒண்ணுதான் இருக்கு. நான் அவங்களுக்கு மெயில் பண்றேன். அதை எடுத்துட்டு இதை வச்சிடுவாங்க."

அதை எடுத்துவிட்டு. அங்கேதான் எனக்கு இடித்தது. இதை வைக்க வேண்டுமென்றால் அந்தக் கட்டக் கோட்டு முத்தத்தை வெட்ட வேண்டும். அது அங்கே இருந்ததால்தான் படிவம் எழுதினோம். படிவம் எழுதியதால்தான் இவள் வந்தாள். இவள் வந்ததால்தான், மெயில் பண்றேன் என்று குதிக்கிற நீ வந்தாய்.

"மெயில் பண்ணாதே" என்றேன். ரீனா காரணம் கேட்டாள். ஃப்ளோரி கேட்கவில்லை. துண்டை உறையில் போட்டு, என் பக்கத்தில் சோபாவில் வந்து உட்கார்ந்தாள். நாலு விரல் எல்லாம் இல்லை.

ஆகவே தம்பி, உன் மென்பொருள் கையில் இந்தப் படம் ஒரு நாள் வந்தால், கடைசி இரண்டரை வினாடிக்கும் அது சிவப்புக் கட்டம் போடும். போடட்டும், அதற்கு என்ன தெரியும். நீ மட்டும் அதை வெட்டிவிடாதே.